ஸ்டூ வயல்

குளக்கரையில் விழுந்த உடைப்பை வைக்கோல் கட்டுகளால் மறைக்கும் யோசனை ஹேசலுடையது. உடைத்தது மட்டும் அவள் புருஷன் டெரிக்.

பிப்ரவரி மழைக்கு மேய்ச்சல் ஓரத்துக் குளம் நிரம்பி வழிந்து, சினை ஆடுகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. டெரிக் யாரையும் கேட்கவில்லை. ஜேசிபியைக் கொண்டுவந்து கரையை ஒரே வெட்டாக வெட்டித் தண்ணீரை வடியவிட்டான். ஆடுகள் பிழைத்தன. அதற்குப் பிறகுதான் எஸ்டேட் மேனேஜர் என்றோ சொன்னது ஹேசலின் மண்டையில் உறைத்தது. "உங்க குத்தகை நிலத்துல அந்தக் காலத்து மடத்துச் சாமியாருங்க மீன் வளர்த்த குளம் இருக்கு. அரசாங்கப் பாதுகாப்பு. ஜாக்கிரதை, மண்வெட்டி பட்டாலே கேஸு. குத்தகையும் போயிடும்."

அந்த நிலத்தில் இருந்ததே ஒரு குளம்தான். வேறு எதை நினைப்பது?

இப்போது தொல்லியல் துறையிலிருந்து இமோஜென் என்ற பெண், மீன்குளத்தைப் பார்க்க ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். டெரிக்குக்குப் பொய் சொல்ல வராது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஹேசல் அவனை ட்ராக்டர் கொட்டகைக்குத் துரத்திவிட்டிருந்தாள். வைக்கோல் கட்டில் முதுகைச் சாய்த்து, கையில் தேநீர் ஃப்ளாஸ்க்கோடு அவள் நின்ற நிலையைப் பார்த்தால் கன்றுக்குட்டிகூடச் சந்தேகப்படும்.

"இங்க எதுக்கு வைக்கோல்?" என்றாள் இமோஜென்.

"காத்தடிக்கும். ஆடுங்களுக்கு மறைப்பு."

"காத்து அந்தப் பக்கத்துலேருந்துல்ல வருது?"

"சில நாளு மாறி அடிக்கும். கேக் எடுத்துக்கோங்க."

இமோஜென் கேக்கை எடுத்துக்கொண்டாள், கூடவே கட்டுகளைச் சுற்றிப் பின்பக்கமும் போனாள். மாமனார் வில்ஃபும் அவர் அப்பாவும் உழைத்த நிலம். இதை விட்டால் போக்கிடம் கிடையாது.

"ஆமாங்க, வெட்டினோம்," என்று கொட்டித் தீர்த்துவிட்டாள். "ஆடு செத்துடுமேன்னு வெட்டினோம். பிடிச்சுட்டுப் போறதுன்னா என்னைய பிடிச்சுட்டுப் போங்க. டெரிக்க விட்டுடுங்க, அவனுக்கு முதுகு வேற சரியில்ல."

இமோஜென் உடைப்புக்குள் இறங்கி, வெட்டுப்பட்ட மண்ணின் அடியிலிருந்து எதையோ பிடித்து இழுத்தாள். கிழிந்த பிளாஸ்டிக் உர மூட்டை ஒன்று வந்தது. அதன் வாயைக் கட்டியிருந்த நீல நைலான் கயிறும் கூடவே வந்தது.

"சாமியாருங்க யூரியா போட்டாங்களா?" என்றாள்.

ஹேசல் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வில்ஃபுக்கு ஒரு காலத்தில் வாத்துப் பைத்தியம் பிடித்திருந்ததை டெரிக் எப்போதோ சொல்லியிருந்தான். பாவி மனிதர், வாத்துக்காகக் கரை கட்டியிருக்கிறார்.

"அப்போ அந்த மீன்குளம்?"

"வேலிக்கு அந்தாண்ட, வரிசையா மூணு பள்ளம் தெரியுது பாருங்க. அந்த வயலுக்கு என்ன பேரு?"

"அதுவா? ஸ்டூ வயல். அறுப்பு முடிஞ்சா குடும்பமே அங்க உக்காந்து ஆட்டுக்கறி ஸ்டூ சாப்பிடுவோம். அதான் அந்தப் பேரு. டெரிக்கோட தாத்தா காலத்துலேருந்து அதுல ஏர் வெச்சதே இல்ல. 'உழுதுட்டா எங்கடா உக்காந்து தின்பீங்க'ன்னு எங்க மாமனார் திட்டுவாரு. ஊரே சிரிக்கும்."

இமோஜென் வாய்விட்டுச் சிரித்தாள். "ஸ்டூன்னா அந்தக் காலத்துல கறி இல்லீங்க, குளம். பிடிச்ச மீனைச் சமைக்கிற வரைக்கும் உயிரோட விட்டுவைக்கிற சின்னக் குளம். பேரைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க, ஆனா அதைக் காப்பாத்திட்டீங்க. பக்கத்து ஊருல இருந்ததையெல்லாம் உழுது தட்டையாக்கிட்டாங்க."

ஹேசல் மூச்சு விடுவதற்குள் அவளே கேட்டாள்: "ஸ்டூவ அங்கேயே அடுப்பு தோண்டியா வெப்பீங்க?"

ஹேசல் யோசித்தாள். ஒரு தடவை... இல்லை. ஒரு தடவைகூட இல்லை. "வீட்டுல வெச்சு, அண்டாவோட ட்ரெய்லர்ல கொண்டுவருவோம். அங்க நெருப்பு மூட்டினா புல்லு கருகும்னு மாமனார் விடவே மாட்டாரு."

"நல்ல மனுஷன்," என்று சொல்லிவிட்டு இமோஜென் இன்னொரு துண்டு கேக் கேட்டாள். அப்பாடா என்று ஹேசல் வைக்கோல் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். போன உயிரைத் திருப்பிக் கொடுத்த புண்ணியவதிக்குக் கேக் முழுவதையும் கொடுத்தால்தான் என்ன?

இமோஜென் காரில் ஏறிப் போனதும் ஹேசல் கொட்டகைக்குப் போனாள். ட்ராக்டருக்கு அடியில் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"எத்தனை வருஷம் போடுவாங்களாம்?" என்றது பூட்ஸ்.

"வெளிய வா. நீ ஒடைச்சது உங்கப்பாவோட வாத்துக்குளம். நிஜக் குளம் ஸ்டூ வயல்ல சுகமா இருக்கு."

டெரிக் தவழ்ந்து வெளியே வந்து, கிரீஸ் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுதிருக்கிறான். அதைப் பார்த்ததும் அவளுக்கும் கண் கலங்கியது.

"அப்போ இனிமே அங்க சாப்பிடக் கூடாதா?"

"தாராளமாச் சாப்பிடலாமாம். இந்த வருஷம் அவளும் வர்றாளாம். ஆனா கறி தொடமாட்டாளாம், மீன்தானாம்."

டெரிக் முகத்தைக் கோணினான். "ஸ்டூ வயல்ல மீனா? எங்கப்பா இருந்திருந்தா வெளக்குமாத்த எடுத்திருப்பாரு."

ஹேசல் ட்ராக்டர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.