துணி பிழியும் தாளம்

எங்கள் லாண்டரிக் கடையில் நான் பேஸ் கிட்டார் வாசிக்கக் கிடைத்த ஒரே இடம், பெரிய வாஷிங்மெஷினுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவே இருந்த சந்துதான். ஸ்டூலைப் போட்டு மெஷினில் முதுகைச் சாய்த்தால் நானும் கிட்டாரும் ஒருவழியாக அடங்குவோம். வீட்டிலேயே வாசிக்கலாமே என்று கேட்பவர்கள் என் மனைவியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"டொம் டொம்னு, யாரோ பீரோவ நகத்துற மாதிரி இருக்கு. கடைக்கு எடுத்துட்டுப் போங்க" என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

இந்த வயதில் இந்த வம்பை என் தலையில் கட்டியது என் மச்சினி. மனைவியின் தங்கை, பல் டாக்டர். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் டிரம்ஸ் வாசிப்பாள். ஒரு நிகழ்ச்சி வரவிருந்த நேரத்தில் அவளுடைய பாட்டுக் குழுவில் பேஸ் வாசித்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். "வேற ஆளு கிடைக்கிற வரைக்கும் சும்மா வந்து நில்லுங்க மாமா" என்றாள். சும்மா வந்து நிற்க நான் என்ன கடை பொம்மையா? எனக்குச் சுருக்கென்றது. அந்த வேறு ஆள் நானேதான் என்று காட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு செய்தேன்.

அவள் கொடுத்த பாடம் ஆர்பெஜியோ. ஒரு கார்டில், அதாவது சுரக் கூட்டில், இருக்கும் சுரங்களைச் சேர்த்து அடிக்காமல் ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். நடுவிரலில் தொடங்கி, ஆள்காட்டி விரலுக்குப் போய், சுண்டுவிரலில் முடிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து காது குடைவதைத் தவிர வேறு வேலையே பார்க்காத விரல் அது. கெஞ்சினேன், அதட்டினேன். மெல்ல மெல்ல வழிக்கு வந்தது.

ஒத்திகைக்குப் போனேன். எல்லாச் சுரமும் சுத்தம். ஆனால் பாதிப் பாட்டில் மச்சினி டிரம்ஸை நிறுத்திவிட்டாள்.

"மாமா, யாரு தொரத்துறா? எதுக்கு இந்த ஓட்டம்?"

"நான் எங்க ஓடினேன்? நீதான் தூங்குற."

மறுபடி வாசித்தோம். மறுபடியும் நான் முன்னால் போய்விட்டேன். பாடுகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். "அடுத்த சனிக்கிழமை பாக்கலாம். சரிப்படலன்னா எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு" என்றாள் மச்சினி. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுகையே வந்துவிட்டது, உண்மையைச் சொன்னால்.

காரணத்தைக் கண்டுபிடித்தது மனைவிதான். கடைக்கு வந்தவள் சற்று நேரம் என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, மெஷின் துணிய அலசும்போது மெதுவா வாசிக்கிறீங்க. பிழிய ஆரம்பிச்சதும் நீங்களும் கூடவே ஓடுறீங்க!"

மெஷினிலிருந்து முதுகை எடுத்துவிட்டு வாசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே உண்மை. அன்றிலிருந்து ஸ்டூலை வாசலோரம் போட்டுக்கொண்டேன். குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டே வாசித்தேன். உள்ளே மெஷின் வேகமெடுக்கும்போதெல்லாம் கால் பறக்கத் துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அதே வேகத்தில் தட்டுவேன்.

சனிக்கிழமை வந்தது. வேடிக்கை பார்க்க மனைவியும் கிளம்பி வந்துவிட்டாள். பாட்டு நன்றாகத்தான் தொடங்கியது. கடைசி அடி நெருங்கும்போது ஏதோ இழுப்பது போலிருந்தது. இங்கே மெஷின் ஏது? நிமிர்ந்து பார்த்தால் ஓடுவது மச்சினி! உற்சாகத்தில் குச்சிகள் பறக்கின்றன. கூடவே ஓடுவது எனக்குப் பழகிய வேலைதான். ஆனால் நான் ஓடவில்லை. நடுவிரல், ஆள்காட்டி, சுண்டுவிரல் என்று என் பாட்டுக்கு நடந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள், மெதுவாக இறங்கி வந்து என்னோடு சேர்ந்துகொண்டாள்.

முடிந்ததும் மச்சினி துண்டால் முகத்தைத் துடைத்தாள்.

"மாமா, நிகழ்ச்சிக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை தைக்கிறோம். உங்க அளவு என்ன?"

"எக்ஸ்எல்" என்றேன்.

"டபுள் எக்ஸ்எல்" என்றாள் மனைவி, எல்லார் முன்னாலும். எனக்குக் கோபமே வரவில்லை.