ஏழாவது ஆள்

குழந்தைசாமிக்கு நான் தர வேண்டியிருந்தது ஏழாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். சுனாமி வந்துபோன பிறகு உப்பளம் முழுக்கச் சேறும் மணலும். நாலு மாதம் பாத்தி கட்டவில்லை, கூலியும் இல்லை. அரிசிக்கும் மருந்துக்கும் அவரிடம்தான் போய் நின்றோம். மரக்காணத்தில் முப்பது ஏக்கர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவர். அந்தக் கடனுக்கு அட்வான்ஸ் என்று பெயர்; அது தீராமல் வேறு அளத்துக்கும் போகக் கூடாது, வேறு வேலைக்கும் போகக் கூடாது. நானும் என் மனைவி அம்சவள்ளியும் வாங்குகிற கூலியில் வாரம் ஐம்பது ரூபாய் கழியும். கழிந்த இடத்தில் வேறு ஏதாவது ஏறும்.

இரண்டாயிரத்து ஐந்து மே மாதம் அவர் என்னை வரப்பிலேயே நிறுத்திச் சொன்னார்.

"காசிலிங்கம், உம் பொண்ணு ஒம்பதாவது முடிச்சிட்டாளாமே. பள்ளிக்கூடம் தொறக்கிறப்போ அவள இங்க அனுப்பிடு. மூணு பேரா சுமந்தா ரெண்டு வருஷத்துல தீந்துடும்."

"பூவிழி படிக்கட்டும் முதலாளி."

"படிச்சி? நீயுந்தான் கல்யாணம் ஆன பொறவு அறிவொளியில போயி படிச்ச. உங் கடன் கொறைஞ்சிதா?"

பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் கோபம்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு கால்பந்து டீம் இருந்தது. குழந்தைசாமி பெயரில் இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் போட்டிக்குப் போய் முதல் ஆட்டத்திலேயே தோற்று வருவோம். அந்த வருடம் எங்களுக்கு முசே கிடைத்தார்.

முசேயின் பெயர் சவரிமுத்து. புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை; முசே என்றால் அந்த மொழியில் ஐயா. அப்பா அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்ததால் பன்னிரண்டு வயதில் அங்கே போனவர். பதினாறு வருடம் அங்கே கிளப்புகளில் நடு ஆட்டக்காரராக ஆடினார். பெரிய பெயர் இல்லை. "நான் அடிச்ச கோலு மொத்தம் ஒம்போது. அடிக்க வெச்சது எத்தினின்னு எவனும் எண்ணல" என்பார். முட்டி போன பிறகு மேனேஜர் ஆனார். மூன்று ஊர், மூன்று கிளப்பு, மூன்றிலும் நீக்கிவிட்டார்கள். கடைசி ஆட்டத்தில் ஐந்து கோலில் தோற்று, ஜனங்கள் தண்ணீர் பாட்டிலால் அடித்தார்களாம். அப்பாவின் நிலத்தை விற்க வந்தவர், குயிலாப்பாளையத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகாமல் இருந்தார். ஒருநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பழுதாகி நின்றபோது, அளத்தை ஒட்டிய திடலில் நாங்கள் ஆடுவதைப் பார்த்தார். மறுநாளிலிருந்து தினமும் சைக்கிளில் வந்தார்.

முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த என்னை அவர்தான் நடுவுக்கு மாற்றினார். "நீ பாத்திக்குத் தண்ணி தொறக்கிறப்போ மம்பட்டியப் பாக்கல. எந்தப் பாத்திக்குப் போவுதோ அதப் பாத்த. பந்துலயும் அதான். நீ ஓட வேணாம். பந்த ஓட விடு." முப்பத்து நாலு வயதில் எனக்கு அது வசதியாக இருந்தது.

நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். நாலு ஆட்டம் தாண்டி இறுதிக்கு வந்துவிட்டோம். எதிரில் கூனிமேட்டு டீம். ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்த அப்துல் கையூம் பாய் நடத்துவது. அவர் டீம் பையன்கள் துபாயிலிருந்து வந்த பூட்ஸ் போட்டு ஆடுவார்கள். நாங்கள் வெறுங்கால். குழந்தைசாமிக்கு அந்தக் கோப்பை மேல் ஆசை வந்துவிட்டது. இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"கோப்ப என் வூட்டுக்கு வந்துதுன்னா, ஆடுன பதினோரு பேரு அட்வான்சும் போச்சு. கடன் நோட்டுல உங்க பக்கத்த கிழிச்சிடறேன்."

எங்கள் கோல்கீப்பர் மண்ணாங்கட்டி என் காதில் சொன்னான்: "எங் கடன் எவ்ளோன்னே எனக்குத் தெரியாது. அதனால எனக்குத்தான்டா சந்தோஷம் அதிகம்."

ஜூன் முதல் ஞாயிறு, மாலை நாலரைக்கு ஆட்டம். பள்ளிக்கூடம் திறக்க எட்டு நாள் இருந்தது. திடலிலிருந்து பார்த்தால் எங்கள் பாத்திகள் தெரியும். அந்த வாரம் வாரியதெல்லாம் வரப்பில் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்திருந்தது. ஆட்டம் பார்க்க அளத்துக்கே லீவு விட்டிருந்தார் குழந்தைசாமி. எதையும் மூடவில்லை.

குவித்த உப்பு லாரி ஏறும் வரைக்கும் அந்தப் பாத்திக்காரன் பொறுப்பு. மழையில் கரைந்தால் அவன் கடனில் ஏறும். அதனால் இடி கேட்டால் எங்கள் ஆட்கள் எங்கே இருந்தாலும் ஓடிவிடுவார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையே ஓடியிருக்கிறான். எடுத்த பிணத்தை ரோட்டோரம் இறக்கிவைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். யாரும் யாரையும் குறை சொன்னதில்லை.

முதல் பாதியில் அவர்கள் ஒன்று போட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு நாங்கள் ஒன்று போட்டோம். நான் போடவில்லை, போட வைத்தேன். ஒன்றுக்கு ஒன்று. இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் இடி தூரத்தில் கேட்டது.

எங்கள் பின்வரிசையில் ஒருவன் பந்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தான்.

"மேல பாக்காத," கோட்டுக்கு வெளியிலிருந்து முசே கத்தினார். "பந்தப் பாரு. மேல ஒண்ணுமில்ல."

இரண்டாவது இடி பக்கத்தில் விழுந்தது. கூட்டத்தில் இருந்த எங்கள் பெண்கள் எழுந்து முந்தானையைச் செருகினார்கள். பின்வரிசைக்காரன் ஓடிவிட்டான். அவன் தம்பியும் பின்னாலேயே ஓடினான். ஒன்பது பேர்.

ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தி முசேயிடம் போனார். "ஏழு பேருக்குக் கீழ எறங்கினா ஆட்டம் கெடையாதுங்க. கோப்ப அவங்களுக்குத்தான்."

"தெரியும். விசில் ஊதுங்க."

ஆட்டம் தொடங்கியது. காற்று தூசியை வாரி அடித்தது. அப்போது பந்தலில் உட்கார்ந்திருந்த குழந்தைசாமி எழுந்து நின்றார். அவர் கண் திடலில் இல்லை.

"டேய், உப்பு. உப்ப மூடுங்கடா. எல்லாம் ஓடுங்கடா."

அவரே சொல்லிவிட்டார். எங்கள் இடது பக்கம் இருந்தவன் பந்தோடு போய்க்கொண்டிருந்தான். அதை அப்படியே விட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டிப் போனான். இன்னொருவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். ஏழு பேர்.

என் கால் ஏற்கெனவே திரும்பியிருந்தது. நான் சொல்லி அது திரும்பவில்லை. எங்கள் பத்துப் பாத்தி உப்பும் தெற்கு வரப்பில் திறந்து கிடந்தது. நான் போனால் ஆறு. ஆட்டம் அங்கேயே முடியும். பதினோரு பேர் கடனும் அப்படியே நிற்கும், பூவிழி சுமைக்கு வருவாள். நான் நின்று, உப்பும் கரைந்து, ஆட்டமும் தோற்றால் கடன் இன்னும் ஏறும், அப்போதும் அவள் வருவாள்.

முசே எனக்கு நேராகக் கோட்டின் மேல் வந்து நின்றார். கத்தவில்லை.

"காசி. நீதான் ஏழாவது."

கூட்டத்தின் ஓரத்தில் அம்சவள்ளியைப் பார்த்தேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. கையால் 'நில்' என்று ஒரு சைகை காட்டிவிட்டு வரப்பைப் பார்த்து ஓடினாள். தார்ப்பாயை இழுக்க இரண்டு பேராவது வேண்டும். அவள் ஒருத்திதான் போனாள்.

நான் நின்றேன்.

ஏழு பேர் எப்படி ஆடினோம் என்று எனக்கு முழுதாக நினைவில்லை. மழை இறங்கியது. திடலின் களிமண் நனைந்ததும் பூட்ஸ் போட்டவர்கள் வழுக்கி விழுந்தார்கள். சேற்றில் நிற்கிற பழக்கம் எங்கள் காலுக்கு உண்டு. பந்து என்னிடம் வரும்போதெல்லாம் நான் அதை யாரும் இல்லாத பக்கமாகத் தள்ளிவிட்டேன். அவர்கள் அதைத் துரத்திப் போவதற்குள் எங்கள் ஆட்கள் மூச்சு வாங்கிக்கொண்டார்கள். மண்ணாங்கட்டி மூன்று பந்தைப் பிடித்தான். ஒன்றை முகத்தால் பிடித்தான். கடைசி நிமிடத்தில் அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. எட்டுத் தலை எழும்பியது, எங்கள் தலை இரண்டு. பந்து எங்கள் கோலுக்குள் போனது.

விசில் ஊதினார்கள். இரண்டுக்கு ஒன்று.

மழை கால் மணி நேரம்தான். விட்டுவிட்டது. உப்பு மூட்டை கட்டுகிற கொட்டகையில் எல்லோரும் ஒதுங்கினோம். குழந்தைசாமி ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்து வந்தார்.

"ஓடிப்போயி மூடுனவங்களுக்கு ஒண்ணுமில்ல. நின்னு வெளயாடுனவன் உப்பெல்லாம் அவன் தலமேல. காசிலிங்கம், உனக்கு ஆயிரத்து எரநூறு. ஒம்பதாயிரத்து அறுவது ஆச்சு. நாளைக்கே பொண்ண அனுப்பு."

அம்சவள்ளி அப்போதுதான் சேறும் சகதியுமாக உள்ளே வந்தாள். முழங்கையில் ரத்தம். "பாதிக்கு மேல மூடிட்டேன். போனது எட்டு மூட்ட கூட இருக்காது. ஆயிரத்து எரநூறாம். உங்க உப்புல சக்கர கலந்திருக்கா?"

"பொம்பளைங்க இதுல பேசக் கூடாது."

"சுமக்கலாம், பேசக் கூடாதா?"

அந்த நேரத்தில் கையூம் பாய் குடையை மடக்கிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தார். கோப்பை அவர் பையன்களிடம் இருந்தது. அவர் நேராக முசேயிடம் போனார்.

"முசே, ஒரு வார்த்த. இந்த நடு ஆள எனக்குக் குடுங்க. பதினோரு பேர வெச்சிக்கிட்டு ஏழு பேருகிட்ட திண்டாடிட்டோம். இவன் ஒருத்தன் இல்லன்னா அஞ்சு கோலு போட்டிருப்போம். அடுத்த மாசம் விழுப்புரத்துல லீக் இருக்கு."

"அவன் இவருகிட்ட கட்டுப்பட்டிருக்கான் பாய்."

"எவ்வளவு?"

"ஒம்பதாயிரத்து அறுவது," என்றார் குழந்தைசாமி.

"காலையில ஏழாயிரத்து எண்ணூத்தி அறுவது," என்றேன் நான். "இப்ப எட்டு மூட்டைக்கு ஆயிரத்து எரநூறு ஏத்தியிருக்காரு."

கையூம் பாய் தாடியைத் தடவினார். மீனுக்குப் போடுகிற உப்பை அவர் குழந்தைசாமியிடம்தான் வாங்குவார், இதில் பாதி விலைக்கு. "மூட்ட நூத்தம்பது வருது. எனக்கு அடுத்த லோடும் அந்த வெலதானா?"

குழந்தைசாமி நோட்டை மூடினார். பிறகு, "பழைய கணக்கே இருக்கட்டும்," என்றார்.

"சரி, அத நான் கட்டிடறேன். ஃபேக்டரியில ஐஸ் கணக்கு சீட்டு எழுத ஆள் வேணும். இவன் எழுதுவான்னு சொல்றாங்க. மாசாமாசம் சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா புடிச்சிக்கிறேன்."

நோட்டு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகப் போகிறது, அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் முசே சொன்னார்.

"அது கெடையாது பாய். என்ன மூணு தடவ வித்திருக்காங்க. ஒரு கிளப்பு இன்னொரு கிளப்புக்குப் பணம் கட்டும். பெரிய பணம். அதுல ஒரு காசு எஞ் சம்பளத்துல புடிக்கல. வெல கட்டுறது ஆட்டத்துக்கு. ஆடுறவன் தலையில அது ஏறாது."

"அப்ப பணத்த வாங்கிட்டு இவன் நாளைக்கே ஓடிட்டா?"

"ரெண்டு வருஷம் உங்களுக்குத்தான் ஆடணும்னு எழுதி வாங்குங்க. ஆடலன்னா வேற எவனுக்கும் ஆட முடியாது. அதோட சரி. பொண்டாட்டி புள்ள இதுல வராது."

குழந்தைசாமி சிரித்தார். "முப்பத்தி நாலு வயசு ஆளுக்கு இவ்ளோ வெலயா. நல்லா யோசிச்சிக்கோ பாய்."

கையூம் பாய் என்னைப் பார்த்தார். மாடு பார்ப்பது போலத்தான் பார்த்தார். எனக்கு அது வலிக்கவில்லை. வேண்டாமென்று போய்விடுவாரோ என்ற பயம்தான் இருந்தது. இருந்தும் சொன்னேன்.

"சம்பளத்துல புடிக்கிறதா இருந்தா வேணாம் பாய். நான் இங்கியே இருந்துக்கறேன். ரெண்டு வருஷம் ஆடுறேன், சீட்டு எழுதுறேன். எம் பேருல கடன்னு ஒரு வரி கூட இருக்கக் கூடாது."

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்சவள்ளி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள். வேண்டாம் என்று பிடித்தாளா, விடாதே என்று பிடித்தாளா தெரியவில்லை.

கையூம் பாய் கடைசியில் சொன்னார்: "இந்த வருஷம் பந்தலுக்கும் பிரியாணிக்கும் பன்னெண்டாயிரம் செலவு பண்ணேன். சாப்ட்டவன் எவனும் எனக்கு பாக்கி இல்ல. இதுவும் அந்தக் கணக்குல போவட்டும்."

ஐஸ் வண்டி டிரைவரை அனுப்பிப் பணம் கொண்டுவரச் சொன்னார். வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் குழந்தைசாமி மனசு மாறிவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முசே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போன நாலு பேரும் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். அவர்கள் உப்பு தப்பித்துவிட்டது. அவர்கள் கடனும் இருக்கிறது.

மண்ணாங்கட்டி வீங்கிய மூக்கோடு கேட்டான்: "முசே, என்ன எவனாவது வாங்குவானா?"

"கோல்கீப்பருக்கு எப்பவும் வெல கம்மி," என்றார் முசே. பிறகு அவன் தோளில் கை வைத்தார். "நான் இன்னும் ஊருக்குப் போவலடா. பாக்கலாம்."

பணம் வந்தது. குழந்தைசாமி இரண்டு தடவை எண்ணிவிட்டு, பக்கத்தைக் கிழிக்கப் போனார். தீர்ந்தது என்று எழுதாமல் கிழித்தால் நாளைக்கு இன்னொரு பக்கம் முளைக்கும். "கிழிக்காதீங்க முதலாளி, குடுங்க" என்று நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அரிசி, மருந்து, அரிசி, பொங்கல், பூவிழிக்குக் காய்ச்சல். கடைசியில் அன்று சாயங்காலம் எழுதிய ஆயிரத்து இருநூறு. அதை அடிக்கச் சொன்னேன். அடித்தார். அதற்குக் கீழே 'பைசல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"தேதி," என்றேன்.

"என்னடா, எனக்கே சொல்லித் தர்றியா?"

"தேதி போடுங்க முதலாளி."

போட்டார்.