சோடா என்று எழுதிய ஜாடி

வ்ரோட்ஸ்வாவ் நகரத்து ஓரத்தில் எங்கள் பேட்டை. போன வருஷம் வரைக்கும் அதற்கு ஜெர்மன் பேர், இப்போது போலந்துப் பேர். எந்த மொழியில் சொன்னாலும் அர்த்தம் நாய்வயல்தான். பிரஷ்ய ராஜாக்கள் காலத்திலிருந்து ஜெர்மன்காரர்கள் குடியிருந்த இடம். உலகச் சண்டையில் ஜெர்மனி தோற்றதும், ரஷ்யா பக்கம் போய்விட்ட லுவூவிலிருந்து போலந்துக்காரர்களான எங்களை ரயிலில் அள்ளிப்போட்டு இங்கே இறக்கி, "இந்த வீடு உங்களுக்கு" என்றார்கள். வீட்டுக்காரி ஹெட்விக் இன்னும் கிளம்பவில்லை. அவளை ஜெர்மனிக்கு அனுப்பும் ரயில் வரும்வரை மாடியில் அவள். கீழே நான், என் புருஷன், மகள் லூத்கா.

நல்ல கூத்து! எதிரியோடு ஒரே கூரையின் கீழே. எனக்குத் தூக்கமே கிடையாது. மூட்டைகளைக்கூட முழுசாக அவிழ்க்கவில்லை. ஜெர்மன்காரர்கள் திரும்பி வருவார்கள் என்று ஒரு பேச்சு. போகும் முன் மாவிலும் ஜாமிலும் விஷம் கலந்துவிட்டுப் போகிறார்கள் என்று இன்னொரு பேச்சு. பக்கத்து வீட்டு கேன்யா இதைச் சொல்லியே என் உயிரை வாங்கினாள்.

"அடியே ப்ரோன்யா, அவ சிரிச்சா மயங்கிடாதே. உள்ளுக்குள்ள என்ன வச்சிருக்காளோ!"

"நீ வேற ஏன்டி வயித்துல புளியைக் கரைக்கிறே?"

அன்று மத்தியானம் லூத்கா வயிற்றுவலியில் சுருண்டு படுத்து அழுதாள். எங்கள் பக்கம் வயிற்று உப்புசத்துக்குச் சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்போம். அடுப்படிச் சுவரில் வெள்ளை ஜாடிகள் வரிசையாகத் தொங்கின, மேலே ஜெர்மன் எழுத்து. ஒன்றும் புரியவில்லை, கடைசி ஜாடியைத் தவிர. 'சோடா.' அப்பாடா! இந்த வீடு முழுக்க என்னால் படிக்க முடிந்த ஒரே சொல். எங்கள் மொழியிலும் அதே சொல், அதே எழுத்து.

லூத்கா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "எரியுதும்மா!"

"மருந்துன்னா அப்படித்தான். குடிச்சிடு கண்ணு."

தண்ணீர் வாளியோடு உள்ளே வந்த ஹெட்விக் ஜாடியைப் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள். "நைன்!" கூடாது என்று தன் மொழியில் அலறிப் பாய்ந்து என் கையில் ஓங்கி அடித்தாள். கோப்பை தரையில் சிதறியது. லூத்கா வீலென்று கத்தினாள். அவள் உதடெல்லாம் சிவந்திருந்தது.

சத்தம் கேட்டு கேன்யா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "விஷம் வச்சுட்டாடி பாவி! பிடிச்சு வை, போலீஸைக் கூட்டியாறேன்!" என்று ஓடினாள்.

நான் அடுப்புக் கம்பியை ஓங்கினேன். ஹெட்விக் நகரவில்லை. ஜாடியைக் காட்டினாள். துணி துவைக்கும் தொட்டியைக் காட்டினாள். இரண்டு முஷ்டியையும் ஒன்றோடொன்று தேய்த்துக் காட்டினாள். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து என் ஈரக்கையில் வைத்தாள். சோப்பு மாதிரி வழுக்கியது. நாக்கில் வைத்தேன், சுரீரென்றது. ஐயோ மாதாவே, சலவைச் சோடா! அழுக்குத் துணிக்குப் போடுவதை என் பிள்ளை வாயில் ஊற்றியிருக்கிறேன்.

ஹெட்விக்தான் மாடிக்கு ஓடினாள். மேஜைவிரிப்பைக் கொடுத்து யாரிடமோ வாங்கி வைத்திருந்த பாலைக் கொண்டுவந்து நீட்டினாள். அதைப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பேன்? கொடுக்காமல் எப்படி இருப்பேன்? கேன்யா சொன்னதெல்லாம் காதில் இரைந்தது. லூத்காவுக்கு மூச்சு இழுத்தது.

"குடிடி," என்றேன்.

அவள் விழுங்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மெல்ல மெல்ல அழுகை அடங்கியது. "இன்னும் வேணும்," என்றாள்.

அதற்குள் போலீஸ்காரர் வந்துவிட்டார். "இவதான் சார்!" என்றாள் கேன்யா. அவர் ஹெட்விக்கின் கையை முறுக்கிப் பிடித்தார். போலீஸ் இப்படிப் பிடித்துக்கொண்டு போன ஜெர்மன்காரர்களில் பலர் திரும்பவில்லை என்பது பேட்டைக்கே தெரியும். ஜெர்மன்காரிக்குப் பரிந்து பேசினால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

"பிள்ளைக்கு விஷம் குடுத்தது இவதானேம்மா?"

ஜாடியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"நான் சார். நான்தான் குடுத்தேன்."

"அடிப்பாவி, உனக்குப் புத்தி பிசகிடுச்சா?" என்றாள் கேன்யா.

"அவ கையை விடுங்க சார். நான்தான் கலக்கினேன்."

"அப்படியே எழுதிக்கட்டுமா?" என்று என்னை முறைத்தார்.

லூத்காவை இடுப்போடு இறுக்கிக்கொண்டேன்.

"எழுதிக்கோங்க," என்றேன்.