சாவிக்காரனின் அக்கா

தம்பியைப் பற்றி ஊர் பேசுவதைக் கேட்க அவளுக்குக் காது போதாது. தையற்கூடத்தில் சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை அவளுக்கு. பதினாறு மெஷின்கள் தடதடக்கிற சத்தத்தையும் மீறி யாராவது ஒருத்தி, "நேத்து உங்க தம்பி என்ன பண்ணான் தெரியுமாக்கா?" என்று ஆரம்பித்துவிடுவாள். தெரிந்த கதைதான். ஆனாலும் தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டு இன்னொரு முறை கேட்பாள்.

தம்பி பூட்டு ரிப்பேர் செய்கிறவன். நகராட்சித் தலைவருக்குப் பிடிக்காத கடைகளுக்கெல்லாம் ஏதாவது விதியைக் காட்டிப் பூட்டுப் போட்டுச் சீல் வைப்பார்கள். ஒருநாள் அவன் கடைக்கே சீல் விழுந்தது. தன் கடையைத் திறந்த கையோடு அந்தத் தெருவில் பூட்டிக் கிடந்த பதினொரு கடைகளையும் திறந்துவிட்டான். மறுநாள் பூட்டினார்கள். மறுபடி திறந்தான். போலீஸ் தேடத் தொடங்கியதும் தலைமறைவானான். பூட்டுகள் அப்போதும் திறந்துகொண்டுதான் இருந்தன. கழற்றிய பூட்டுகளைக் கயிற்றில் கோத்து நகராட்சி வாசலில் மாலையாகத் தொங்கவிட்டுப் போன அன்று, சாவிக்காரன் என்று பேர் வைத்து ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

அவள் கணவர் அதே நகராட்சி ஆபீசில் பியூன். "உன் தம்பி திறக்கிறான், நான் புதுப் பூட்டு வாங்க ஓடுறேன். ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்கு வேலை குடுத்திருக்காரு தலைவர்" என்று சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கடைகளையெல்லாம் தலைவரின் ஆட்களுக்கே மாற்றிக் கொடுக்கப் புதன்கிழமை கூட்டம் என்று செய்தி வந்தது. செவ்வாய் மதியம் யாருடைய போனிலிருந்தோ தம்பி பேசினான்.

"அக்கா, மாமாவுக்கு நாளைக்கு வேலை உண்டா?"

"லீவுடா. பல் பிடுங்கப் போறாரு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். மிச்சப் பல்லையாவது பத்திரமா பாத்துக்கச் சொல்லு."

புதன்கிழமை காலையில் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். கூட்டத்துக்கு டீ கொடுக்க ஆள் இல்லையாம். "பல்லு எங்க ஓடிடப் போகுது, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தம்பி கேட்டது அப்போது அவள் நினைவுக்கு வரவே இல்லை.

பதினொரு மணிக்கு ஊரே நகராட்சி ஆபீஸ் முன்னால் கூடிவிட்டது. மூன்று வாசலுக்கும் வெளியே சங்கிலி சுற்றி, யாராலும் திறக்க முடியாத பூட்டுகளைத் தொங்கவிட்டுச் சாவிக்காரன் மறைந்துவிட்டான். தலைவரும் உறுப்பினர்களும் உள்ளே. தையற்கூடமே மெஷினை நிறுத்திவிட்டு ஓடியது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தலைவரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வெடித்தது. "சீல் வைக்கவாங்க?" என்று ஒருவர் கேட்டார். அவளும் சிரித்தாள். உள்ளே தன் மனுஷனும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்து, ஜன்னல் ஜன்னலாக அவர் முகத்தைத் தேடினாள்.

மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். "ஒருத்தர் மயங்கி விழுந்துட்டாரு! கதவைத் திறங்க!"

"தலைவருக்கு வயித்தக் கலக்குதாம்!" என்றது கூட்டம். அவளுக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. சங்கிலியை அறுக்க மெஷினோடு வந்த வெல்டரை அரைமணி நேரம் கேலி பேசியே நிறுத்திவைத்தார்கள். வழி விடாமல் நின்ற கால்களில் அவளுடையதும் இரண்டு.

கதவு திறந்தபோது மேசைவிரிப்பில் கிடத்தி ஒருவரைத் தூக்கி வந்தார்கள். பாதத்தைப் பார்த்ததுமே யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சுவலி. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அவளை அழக்கூட விடவில்லை. "தலைவர்தான் கொன்னான். தம்பியை ஒரு வார்த்தை சொல்லிடாதம்மா, அவனை நம்பித்தான் நாங்க இருக்கோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள் கடைக்காரர்கள். தம்பிதான் கொன்றான் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டு வந்தார் ஹெட் கிளார்க். இரண்டு பக்கத்துக்கும் அவள் வாயிலிருந்து வார்த்தை வேண்டியிருந்தது. செத்தவரை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம், அடுப்பு ரிப்பேர் செய்கிறவனைப்போலத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தம்பி வந்தான். உள்ளே வந்ததும் அவள் காலடியில் உட்கார்ந்தான். தாடி மண்டி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"லீவுன்னு சொன்னியேக்கா."

"கூப்பிட்டாங்க, போனாரு."

"அடிக்கா. செருப்பால அடி. ஏதாவது சொல்லு."

அவள் அவன் தலைத் துண்டை அவிழ்த்தாள். சிறுவயதில் செய்ததுபோல முடியைக் கோதினாள். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"நானும் அங்கதான்டா நின்னேன். விழுந்துட்டாரு, விழுந்துட்டாருன்னு மேல கத்துறாங்க. நான் சிரிச்சேன்டா. அறுக்க வந்தவனுக்கு வழி விடல. உன்ன நினைச்சு எனக்கு அவ்வளவு பெருமை."

தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். அவன் அப்படிக் கதறி அவள் பார்த்ததில்லை. அவளும் அன்றுதான் வாய்விட்டு அழுதாள். போகும்போது, "இதுல உன் தப்பு ஒண்ணும் இல்லக்கா" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானே நடந்துபோய், மேசைமேல் சாவிக்கொத்தை வைத்துவிட்டு நின்றான்.

ஊர் அதை நம்பவில்லை. சாவிக்காரன் தானாகப் போவானா? அக்கா வீட்டுக்கு வந்தான், மறுநாள் மாட்டிக்கொண்டான். கணக்கு அவ்வளவு எளிதாக இருந்தது. தையற்கூடத்தில் பக்கத்து மெஷின்காரி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். வாசல் கதவில் கரியால் 'காட்டிக்கொடுத்தவள்' என்று எழுதினார்கள். அவள் அழிக்கவில்லை. நான் சொல்லவில்லை என்று எவரிடமும் போய் நிற்கவும் இல்லை. நான் சிரித்தேன் என்று சொன்னதைக் கேட்டுத்தானே போனான் என்று அவளுக்கு இருந்தது.

தம்பிக்கு ஏழு வருஷம். கடைகள் தலைவரின் ஆட்களுக்கே போயின. ஜெயில் இருந்த ஊருக்கே அவள் குடிபோனாள். பை தைக்கிற இடத்தில் வேலை கிடைத்தது. மாதம் ஒருமுறை கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் "சாப்டியாக்கா?" என்பான். "சாப்டேன்டா" என்பாள். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு எழுவதில்லை.

ஒருநாள் மத்தியானம், பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த பெண் சாவிக்காரன் கதையைச் சொன்னாள். அவளுக்கு யாரோ சொன்னது. பூட்டு மாலை, சங்கிலி, கம்பிக்குப் பின்னால் தலைவர் முகம், எல்லாம் இருந்தது. "நாள் முழுக்க உள்ளயே கிடந்தாங்களாம். சாயங்காலம் அவனே வந்து திறந்துவிட்டானாம்!" என்று முடித்தாள்.

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"அவன் திறக்கல. உள்ள ஒருத்தர் செத்துட்டாரு."

"யாருக்கா? கதையில அப்படி யாரும் இல்லையே."

"டீ குடுக்கப் போனவரு. என் வீட்டுக்காரரு."

அந்தப் பெண் விழித்தாள். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தன் கணவரின் பெயர் என்ன, எப்படி இருப்பார், என்ன பிடிக்கும் என்று ஒவ்வொன்றாக அவள் சொல்ல ஆரம்பித்தாள்.