நோகாத கால்

பெரியகல்லாற்று வினாயகமூர்த்திக்குக் கணுக்காலில் ஒப்பரேசன் முடிந்து மறுநாள் ஆகியும் நோவு எட்டிப் பார்க்கவில்லை. சுனாமியன்று அவருடைய வள்ளமே அவர் காலை மதிலோடு வைத்து நசுக்கிவிட்டுக் கடலோடு போய்விட்டது. மாதக்கணக்காய்க் கோணிக்கிடந்த எலும்பை இப்போதுதான் ஆணி வைத்து நிமிர்த்தியிருந்தார்கள். மயக்கமருந்து டொக்டர் அழகரத்தினம் முழங்காலுக்குப் பின்னால் நரம்பை மரத்து விறைக்கப்பண்ணும் ஊசி போட்டு, விறைப்பு நெடுநேரம் நிற்க வேறொரு மருந்தையும் அதில் கலந்திருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் அதே ஊர்ச் சிவமணி. அவருக்குச் சீழ் வைத்த கால்நகம் ஒன்றைப் பிடுங்கியிருந்தார்கள். சின்ன வேலைக்குச் சின்ன ஊசி. அதன் விறைப்பு விட்டதும் மனிதர் கத்தி வார்டையே இரண்டுபடுத்திக்கொண்டிருந்தார்.

ஊருக்கென்று மிஞ்சியிருந்தது நிவாரண வள்ளம் ஒன்றுதான். இவர்கள் இரண்டு பேரில் அதிகம் அவதிப்படுகிறவருக்கே அது என்று முடிவாகி, பார்த்துப்போக ஹஸீனா என்ற நிவாரண அலுவலர் பின்னேரம் வருவதாயிருந்தது. அது கிடைக்காமல் மைத்துனனின் வள்ளத்தில் கூலிக்கு ஏறுவதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது வினாயகமூர்த்திக்கு.

"இஞ்சருங்க, அந்தப் பிள்ளை வந்தா கொஞ்சம் முனகுங்க" என்றாள் மனைவி கேதீஸ்வரி.

"நோகாம எப்பிடிப் புள்ள முனகிற?"

"சிவமணியண்ணனப் பாத்துப் படிங்க."

ஒரு வழியாய் முனகிப் பழகினார். ஆனால் ஹஸீனாவோடு அழகரத்தினமும் வந்து நின்றதுதான் வினை. மனிதர் முகமெல்லாம் பூரிப்பாய், தன் ஊசியின் விறைப்பு இன்னும் நிற்பதைக் காட்ட ஐஸ்கட்டியை எடுத்து வினாயகமூர்த்தியின் கால்விரலில் வைத்துக் காட்டினார்.

"நோகுதா ஐயா?" என்று ஹஸீனா கேட்டாள்.

வினாயகமூர்த்தி டொக்டரைப் பார்த்தார். தகப்பனைப் பார்ப்பதுபோல் வந்து வந்து பார்த்த பிள்ளை. அவர் முகத்துக்கு நேரே நோகுது என்று எப்படிச் சொல்வது? வள்ளத்துக்காக நன்றி கெட்டவனாகிவிட முடியுமா? நாசமாய்ப்போன மரியாதை வாயைத் திறந்துவிட்டது.

"ஒரு சொட்டும் நோகல்ல மகள். ஐயாட கைராசி. ஓடச் சொன்னாலும் ஓடுவன்."

கேதீஸ்வரி தலையில் கைவைத்தாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஹஸீனா மனதாரச் சந்தோஷப்பட்டாள். அடுத்த கட்டிலில் "ஐயோ, என்ர தாயே!" என்று சத்தம் கிளம்பியது. அங்கே போனவள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் திரும்பினாள். வள்ளம் சிவமணிக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சிவமணி நிம்மதியாய்க் கண்ணயர்ந்தார். கொஞ்ச நேரத்தில் வினாயகமூர்த்தியின் காலில் விறைப்பு விட்டது. இத்தனை நேரம் வராத நோவெல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து வந்தது. அவர் போட்ட சத்தத்தில் தாதிமார் நோவுக்குக் குளிசையோடு ஓடிவந்தார்கள்.

கேதீஸ்வரி அசையவில்லை.

"இன்னும் பலமாக் கத்துங்க" என்றாள். "அந்தப் பிள்ளை இப்ப கல்லாத்துப் பாலம் தாண்டியிருக்கும்."