வாலைத் தலைக்கு மாற்றும் எண்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு ஆள் கிடைப்பதற்கு முன்பே எண் கிடைத்துவிட்டது. பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது கிழிந்த இதழ் ஒன்றில் பார்த்தேன்:

105263157894736842

இதை இரண்டால் பெருக்க வேண்டுமா? கடைசியில் இருக்கும் 2-ஐப் பிடுங்கி முன்னால் வையுங்கள். 210526315789473684. அதுதான் விடை. எனக்குப் பல்வலியே மறந்துபோனது.

2

"1943. மலாக்கா, காஜா பெராங். வானம் கருத்து, காற்றில் ஒரு..."

வேண்டாம். போர்க்கதை என்றாலே வானத்தை இருட்டிவிடுகிறோம். அன்று நல்ல வெயில். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் சேதுபதி ஜப்பானிய முகாமில் சார்ஜண்ட் முன்னால் நிற்கிறார். அவருடைய சைக்கிளைப் பறித்து நான்காகக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்: முன்சக்கரம், பின்சக்கரம், சட்டம், ஹேண்டில். மனைவி கோகிலாவுக்கு ஒன்பதாம் மாதம். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேறு வண்டி கிடையாது. வயிற்றைப் பார்த்தாவது சார்ஜண்ட் இளகட்டும் என்று அவளும் கூடவே வந்திருக்கிறாள்.

(சார்ஜண்டுக்கு முறுக்கு மீசை வைத்திருந்தேன். எல்லோரும் வைக்கிறார்கள் என்று மழித்துவிட்டேன். மணிச்சட்டத்தை மட்டும் கையில் கொடுத்திருக்கிறேன். அதில் கணக்குப் போடுவதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.)

3

சேதுபதி தெரிந்த மலாயில் பந்தயம் கட்டினார். மணிகளை முந்திக்கொண்டு ஒரு பெரிய எண்ணை இரட்டிப்பாக்குவார். ஜெயித்தால் ஒரு சாமான். தோற்றால் வாங்கியது எல்லாம் திரும்பப் போகும், கன்னத்தில் அறையும் உண்டு.

சிலேட்டில் எழுதினார், வாலைத் தலைக்கு மாற்றினார். முன்சக்கரம் வந்தது.

"லாகி," என்றார் சார்ஜண்ட். இன்னொரு தடவையாம். வந்த விடையையே இரட்டிக்க வேண்டும்.

கடைசி 4 முன்னால் போனது: 421052631578947368. பின்சக்கரம்.

"லாகி."

8 போனது: 842105263157894736. சட்டம்.

4

"போதுங்க," என்றாள் கோகிலா. "ஹேண்டில பாசார்ல தேடிக்கலாம். வாங்க, போயிருவோம்."

"மூணு தடவ சரியா வந்துச்சு. நாலாவது மட்டும் வராமயா போயிரும்?"

எனக்கு வியர்த்தது. வராது. 6-ஐ முன்னால் வைத்தால் 684210526315789473. எட்டில் தொடங்கும் எண்ணை இரட்டித்தால் அதைவிடச் சின்னது எப்படி வரும்?

நான் கதாசிரியன். மழை பெய்ய வைத்துப் பார்த்தேன். சார்ஜண்டுக்கு வயிற்றுப்போக்கு கொடுத்துப் பார்த்தேன். இரண்டு முடிவுகளும் எனக்கே பிடிக்காமல் அடித்துவிட்டேன். யாரை வேண்டுமானாலும் மாற்றலாம், எண்ணை மாற்ற முடியவில்லை.

5

"லாகி."

சேதுபதி 6 எழுதிவிட்டார்.

சரியான விடை 1684210526315789472. அவர் எழுதப்போவதன் வாலில் ஒன்றைக் குறைத்து, அந்த ஒன்றைத் தலையில் வைத்தால் போதும். சிலேட்டின் ஓரத்தில், அந்த 6-க்கு முன்னால், ஓர் இலக்கத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். நானே போய்ச் சொன்னால் ஆசிரியர் கதைக்குள் மூக்கை நுழைக்கிறார் என்பார்கள்.

உங்களை யார் கேட்கப்போகிறார்கள்? கோகிலாவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். அவள் காதில் மெதுவாகச் சொல்லுங்கள். சீக்கிரம், சார்ஜண்ட் பாதி மணிகளைத் தள்ளிவிட்டார்.