மீட் எருக்கு பூத்த மேடு

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, மண்டியிட்டு, லவோன் மறுபடியும் பார்த்தாள். கான்சாஸ் காற்று செடியைச் சும்மா இருக்கவிடவில்லை. தண்டை இரு விரலால் பிடித்துக்கொண்டாள். வழுவழுப்பான இலைகள், காம்பில்லாமல் தண்டோடு ஒட்டி, எதிரெதிராக. உச்சியில் ஒரே ஒரு பூங்கொத்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பச்சை கலந்த வெண்ணெய் நிறத்தில். சாலையோர எருக்கென்றால் இலையில் பஞ்சு ஒட்டும், பூ இளஞ்சிவப்பில் கொத்துக்கொத்தாகப் பூத்துத் தள்ளும். இது மீட் எருக்கேதான். ஏர் படாத மேட்டுப் புல்வெளியைத் தவிர வேறெங்கும் தங்காத பிடிவாதக்காரச் செடி.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திய காலத்திலிருந்து ஊர் ஊராய்த் தேடியிருக்கிறாள். கடைசியில் தம்பி மெர்லுடைய வீட்டுக்குப் பின்னால், அவன் ஜூலை தோறும் மாட்டுக்குப் புல் அறுக்கும் மேட்டில். அழுகையும் சிரிப்புமாக வந்தது. படம் எடுத்துப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியைக்கு அனுப்பிவிட்டு, தம்பியிடம் ஓடினாள்.

"ஒரு களைக்கா இந்த ஆட்டம்?" என்று மெர்ல் சிரித்தான்.

"களையா? நாடே தேடுற செடிடா! அழிஞ்சுபோகுதுன்னு அரசாங்கமே பட்டியல்ல வெச்சிருக்கு."

சிரிப்பு நின்றது. "அரசாங்கமா? யார்கிட்டயாவது சொன்னியா அக்கா?"

"பல்கலைக்கழகத்துக்குப் படம் அனுப்பியிருக்கேன்."

தானியக் கிடங்குக் காப்பிக்கடையில் பேச்சு இதுதான்: அழிந்துவரும் ஆந்தை ஒன்று கூடு கட்டியதால் எவனோ ஒருவனுடைய பண்ணையே அரசாங்கத்திடம் பறிபோனதாம். அந்த எவனை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லாரும் நம்பினார்கள். மெர்லும்தான். அப்பா விட்டுப்போன அந்த மேட்டை உழ அவன் கனவிலும் நினைத்ததில்லை. அதை இழக்கவும் நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு அவன் வரவில்லை. பூசை முடிந்து வெளியே வரும்போது லவோனுக்குப் பேராசிரியையின் அழைப்பு. "அதேதாங்க! உங்க தம்பிக்கு நாங்க நன்றி சொல்லணும். வருஷா வருஷம் புல்ல மட்டும் அறுத்துட்டு மண்ணத் தொடாம விட்டாரே, அதனாலதான் பொழச்சிருக்கு. சொந்த நிலத்துல இருக்குற செடிக்காக சட்டம் அவர ஒண்ணும் கேட்காது. அவர் சம்மதிச்சா வந்து ஒருதடவை பார்த்துட்டுப் போறோம், அவ்வளவுதான்."

வண்டியை விரட்டிக்கொண்டு வந்தாள். பண்ணைப் பாதையில் திரும்பும்போதே டிராக்டர் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் எடுத்தறியாத குடும்பம் அது. மேடு முழுக்கக் கறுப்பாகப் புரண்டு கிடந்தது. புல்வேர்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. லவோன் வண்டியை நிறுத்திவிட்டு டிராக்டரை நோக்கி ஓடினாள்.

"அப்பாவோட நிலம்க்கா, அரசாங்கத்து ஆளுங்க வர்றதுக்குள்ள..." என்றபடி மெர்ல் இறங்கினான்.

"யாரும் வரமாட்டாங்கடா. சட்டம் உன்ன ஒண்ணும் கேட்காதாம். உனக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க அந்தம்மா."

மெர்ல் தொப்பியைக் கழற்றினான். "விதை போட்டா மறுபடி வருமா?" என்றான்.

"விதைக்கு எங்கடா போவேன்? கிடைச்சாலும், இந்த மண்ணு இனி பழைய மண்ணு இல்லையே."

அவன் புரண்ட மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். வாய் கோணியது.

"எப்படிக்கா இருந்துச்சு அது? நான் கிட்டப் போய்ப் பாக்கக்கூட இல்லையே."